ஒரு கண்மாய்ச் சங்கிலிக்கு நான்கு கையெழுத்து

தூத்துக்குடி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

ஓட்டப்பிடாரம் வட்டம், பாஞ்சாலங்குறிச்சிப் பகுதியில் மானாவாரி வெள்ளாமை செய்யும் விவசாயி நான். எங்கள் ஊருக்கு அதிகாரிகள் திரண்டு வருவது மே மாதம் வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவுக்குத்தான். அப்போது பாதுகாப்பு ஏற்பாடு பலமாக இருக்கும். 1974-ல் அரசு கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையில் கூட்டம் அலைமோதும். கண்மாய் அந்த மாதத்தில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் மடலாக எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் ஒரு கண்மாய்ச் சங்கிலியைத் தேர்ந்தெடுங்கள். ஆயக்கட்டு விவசாயிகள், அரசுத் துறைகள், இங்கே தொழில் நடத்தும் நிறுவனங்கள், இடையில் நின்று வேலையை நடத்தும் தொண்டு நிறுவனம் ஆகிய நான்கு தரப்பும் கையெழுத்திடும் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைத் தங்கள் தலைமையில் எழுத வேண்டும். யார் என்ன தருகிறார்கள் என்பதோடு, யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கரிசல் மண்ணின் போக்கு, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்போம். உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, கம்பு, மல்லி, மிளகாய் எல்லாமே அந்த மழையை நம்பித்தான். கிணறு வெட்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். ஆடு மாடு குடிப்பதற்கும், கரையை ஒட்டிய கிணறுகள் ஊறுவதற்கும், நடுவில் மழை நின்றுபோனால் பயிருக்கு ஒரு உயிர்த் தண்ணீர் விடுவதற்கும் கண்மாயைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. மேலே ஓர் ஓடை அடைபட்டால் கீழே உள்ள ஊர்கள் காயும்; மேலே ஒரு கரை உடைந்தால் கீழ்க்கரைகளும் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டமே அதைக் கண்ணால் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கண்மாய்கள் அடுத்தடுத்து உடைந்தன. விளைந்து நின்ற பயிர் போனது, சாலைகள் போயின, எங்கள் காடுகளில் மேல்மண் அரித்துக்கொண்டு போனது.

ஆனால் இந்தச் சங்கிலி முழுவதற்கும் பொறுப்பான துறை என்று ஒன்று கிடையாது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையுடையது; அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறையின் ஏட்டில் இருக்கிறது. ஓடையின் மேல் போகும் சாலைப் பாலம் நெடுஞ்சாலைத் துறையிடமோ ஒன்றியத்திடமோ இருக்கும். ஒரே மழைத்துளி எங்கள் ஊரைக் கடப்பதற்குள் மூன்று நான்கு அலுவலகங்களின் எல்லையைத் தாண்டுகிறது. இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் தங்கள் ஒருவருக்குத்தான் உண்டு. 2022-ல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்தபோது அதன் மாவட்டத் தலைமையையும் ஆட்சியரிடமே கொடுத்தது.

இப்போது நடப்பது எப்படி இருக்கிறது என்பதற்கு நான் நேரில் பார்த்த ஓரிடத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வரத்து ஓடை ஒன்று பத்தடி அகலம். மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று கனரக வண்டிகள் போவதற்காக அதன் குறுக்கே சரளை கொட்டிப் பாதை போட்டிருக்கிறது. தண்ணீர் போக ஒரே ஒரு சிமெண்டுக் குழாய். குனிந்து பார்த்தால் குழாயில் பாதிக்கு மண் அடைத்திருக்கிறது. வாயிலேயே வேலிக்கருவை முளைத்து நிற்கிறது. குழாயின் அடி, ஓடையின் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. முதல் மழைத் தண்ணீர் அதில் ஏறவே ஏறாது. தேங்கி, பக்கத்து உளுந்துக் காட்டுக்குள் திரும்பி, பயிரை அழுக வைக்கும். அதே ஓடையைப் பிடித்துக் கீழே நடந்து வந்தால், அது போய்ச் சேரும் கண்மாயின் கரையில் ஒரு பலகை. வேறொரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் தூர்வாரப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. தூர்வாரியவர்கள் கரையின் அடிவாரத்தை ஒட்டியே ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள். கரிசல் கரை கோடையில் வெடிக்கும். மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். அடிவாரத்தில் பள்ளம் இருந்தால் கரை சரிந்துவிடும் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பணம் கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஒப்பந்ததாரரும் தனக்குக் கொடுத்த அளவுக்குத் தோண்டினார். ஓடையை அடைத்தவரும் கண்மாயைத் தோண்டியவரும் ஒரு முறைகூடச் சந்தித்துப் பேசவில்லை. ஊர்க்காரர்களுக்கு அந்த வேலையில் பங்குமில்லை, பேச்சுமில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

நிறுவனங்கள் இனி எங்கள் பக்கம் இன்னும் அதிகமாகத்தான் வரும். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் எப்போதோ வந்துவிட்டன. தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமே அங்கேதான் இருக்கிறது. மானாவாரி நிலங்களில் சோலார் தகடுகள் பரவிக்கொண்டிருக்கின்றன. சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் திறந்தும் ஆயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். இவற்றை நான் வரவேற்கிறேன். வரும் நிறுவனங்கள் இந்த மண்ணின் தண்ணீர்ப் போக்கோடு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தலைமை அலுவலகம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும் காற்றாடி சுற்றுவது எங்கள் காட்டில் என்றால், அந்த வரி எங்களுக்காக எழுதப்பட்டதுதான். ஒரு பெரிய குழுமம் ஒவ்வொரு சோலார் பூங்காவையும் தனிக் கம்பெனியாகப் பதிவு செய்தால் ஒவ்வொன்றும் அந்த வரம்புக்குக் கீழே நின்றுவிட வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் குழுமத்தையே பேச்சுக்கு அழைக்க வேண்டும்.

கூட்டாகச் செய்வது எங்களுக்குப் புதிதில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்கிறவர்கள் எல்லாம் சின்னச் சின்னத் தொழில்முனைவோர். சமூகப் பொறுப்புச் சட்டம் தொடும் அளவுக்கு அவர்களில் யாரும் பெரியவர்கள் இல்லை. கடையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆனாலும் சங்கமாகச் சேர்ந்து 2014-ல் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்து, 2020 ஏப்ரலில் அதைப் பெற்றார்கள். அந்தப் பெயர் எந்த ஒரு கடைக்கும் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். அதன் பலன் கடலை விளைவிக்கிறவர் முதல் பாகு காய்ச்சுகிறவர், பொட்டலம் கட்டும் பெண்கள் வரை எல்லோருக்கும் போகிறது. தனியாக யாராலும் பெற முடியாத ஒன்றைச் சேர்ந்து பெற்றார்கள், அதனால்தான் ஒற்றுமை ஆறு வருடக் காத்திருப்பையும் தாண்டி நின்றது.

அரசும் இந்த வழியில் முயன்றிருக்கிறது. 1997-ல் தொடங்கிய நமக்கு நாமே திட்டம் நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-ல் பழைய பெயரிலேயே மீண்டும் வந்தது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும் என்பது அதன் அடிப்படை. 2017-ல் குடிமராமத்தை மீண்டும் கொண்டுவந்தபோது 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. பாசனதாரர்கள் 10 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். விதி நல்ல விதிதான். அந்தப் பத்து சதவீதத்தை யார் தருகிறார்கள் என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. அதை ஊரார் வீட்டுக்கு வீடு போட்டால் மடையில் எத்தனை மூட்டை சிமெண்டு போகிறது என்று எண்ணிப் பார்க்க ஆள் நிற்பார்கள். வேலை எடுத்தவரே ஊரார் பேரில் கட்டிவிட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

தொண்டு நிறுவனத்தின் இடம் எது என்பதை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் அமைப்பில் பார்க்கலாம். 1992 முதல் நடந்துவரும் கண்மாய்ப் பணி அது. கண்மாய்க்கு ஒரு விவசாயிகள் சங்கம், சங்கிலிக்கு ஒரு கூட்டமைப்பு, அதற்கு மேல் வட்டார அளவில் ஒரு கூட்டமைப்பு என்று அடுக்கடுக்காக நிற்கிறது. பக்கத்துக் குண்டாற்றுப் படுகையில் இந்துஸ்தான் யுனிலீவர் பவுண்டேஷன் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தபோது, நிறுவனம் புதிதாக ஊர் ஊராக ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பேசுவதற்குச் சங்கங்கள் தயாராக இருந்தன. கோயம்புத்தூரில் வேறொரு விதம். 2003-ல் அங்குள்ள தொழிலதிபர்களே முன்நின்று சிறுதுளி அமைப்பைத் தொடங்கி, நொய்யல் குளங்களை அரசோடும் பொதுமக்களோடும் சேர்ந்து தூர்வாரினார்கள். தங்கள் ஆலையும் வீடும் இருக்கிற ஊரின் தண்ணீர் என்பதால் முதல் வருடத்தோடு விட்டுவிட்டுப் போகவில்லை. எங்கள் பக்கத்துக் காற்றாலை நிறுவனங்களின் முதலாளிகள் இங்கே குடியிருக்கவில்லை. எனவே அந்தப் பிடிப்பை எங்கள் விஷயத்தில் எழுத்தில்தான் கொண்டுவர முடியும்.

அப்படி எழுத்தில் கொண்டுவந்ததற்கு உலகம் எடுத்துக்காட்டும் இடம் பிரான்சின் விட்டெல். அங்கே ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து விற்கும் நிறுவனம், சுற்றுவட்டார விவசாயிகள் புல்வெளியை உழுது மக்காச்சோளம் போட்டதால் ஊற்றில் நைட்ரேட் ஏறுவதைக் கண்டது. 1989-ல் அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை அழைத்து, விவசாயிகளின் வரவு செலவையும் சேர்த்து ஆராயச் சொன்னது. பிறகு 18 ஆண்டு, 30 ஆண்டு என நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டது. மக்காச்சோளத்தையும் பூச்சிமருந்தையும் விட்டவர்களுக்கு ஏக்கர் கணக்கில் ஈட்டுத்தொகை, இலவச நிலப் பயன்பாடு, எருவை மக்கவைத்து வயலில் போட்டுக் கொடுக்கும் ஆள்வசதி எல்லாம் கிடைத்தன. நிறுவனத்துக்கு அதன் ஊற்று காப்பாற்றப்பட்டது. அது தருமம் செய்ததாக யாரும் சொல்லவில்லை. தனக்கு வேண்டியதற்கு விலை கொடுத்தது. அதனால்தான் நிலைத்தது. அதே விட்டெலில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுப்பதாகப் பிற்காலத்தில் எதிர்ப்பும் கிளம்பியது. கூட்டாளி எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் கண்மாயில் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்விதான். 2023 டிசம்பர் மாதிரி ஒரு மழையில் மேல் கண்மாய் உடைந்தால் அவர்கள் போட்ட பாதையும் போகும். கம்பங்களின் அடிமண்ணும் அரிக்கும். ஓடைகள் ஒழுங்காக ஓடுவது அவர்களுடைய சொத்துக்கும் காப்பு. நிலம் கேட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது முந்தைய ஊர் அவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் அவர்களுக்கு முக்கியம். நீர்வளத் துறைக்கு உடைப்பு அடைக்கும் செலவு மிஞ்சும். 1901 முதல் கோவில்பட்டியில் இருக்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கு, ஒரே நீர்ப்பிடிப்பில் பல ஊர் விவசாயிகளோடு சேர்ந்து ரகங்களையும் விதைப்பு முறைகளையும் சோதித்துப் பார்க்க இடம் கிடைக்கும். எங்களுக்குத் தண்ணீரும், கண்மாய் வண்டலான கரம்பையும். கரம்பை அடித்த காட்டில் விளைச்சல் எப்படி இருக்கும் என்று இங்கே சிறு பிள்ளையும் சொல்லும். வண்டல் அள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் அரசு விதியை எளிதாக்கியது பெரிய உதவி. வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலை மகளிர் குழுக்களுக்கு வருமானம். ஆடு மாடு வளர்ப்பவர்களில் பலருக்கு நிலமே இல்லை. ஆயக்கட்டுப் பட்டியலில் பேர் இல்லாத அவர்களுக்கும் சங்கத்தில் இடமும் ஓட்டும் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்மாய்த் தண்ணீரைக் கோடையில் கடைசி வரை நம்பி இருப்பவர்கள் அவர்கள்தான்.

பணத்தை எப்படி அமைப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விதிப்படி, தொடர் பணி என்று எடுக்கும் சமூகப் பொறுப்புத் திட்டத்தை அது தொடங்கிய நிதியாண்டு போக அடுத்த மூன்றாண்டு வரைதான் நீட்டிக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு சங்கத்தின் பேரில் மூலதனமாகப் போட்டு வட்டியை எடுத்துப் பராமரிக்கவும் அந்த நிதியைப் பயன்படுத்த முடியாது. ஆக நிறுவனத்தின் பணம் முதல் நான்கு வருடக் கட்டுமான வேலைக்குத்தான் உதவும். கண்மாய் கெடுவதோ ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு. மடைப் பலகை அழுகும், வரத்துக் காலில் கருவை ஏறும், கலுங்கில் கல் பெயரும். அந்தப் பராமரிப்புக்கான பணம் கண்மாயிலிருந்தே வர வேண்டும். மீன்பாசிக் குத்தகையிலும் மர ஏலத்திலும் வரும் தொகையில் ஒரு பங்கு அதே கண்மாயின் பராமரிப்புக் கணக்குக்குப் போகத் தாங்கள் உத்தரவுக்கு வழிசெய்ய வேண்டும். அதோடு ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று வருடந்தோறும் போடுவோம். கூட்டு வங்கிக் கணக்கில் சங்கம், ஒன்றியம், தொண்டு நிறுவனம் என மூவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது. நிறுவனம் வருடம் ஒரு முறை கணக்கைப் பார்க்கலாம். பணத்தை எங்கே செலவிடுவது என்பதில் அதற்கு ஓர் ஓட்டுக்கு மேல் கூடாது.

அடைபட்ட ஓடையைத் திறந்துவிடுவதைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுத அனுமதிக்காதீர்கள். அது அந்த நிறுவனம் தன் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டிய வேலை. அதைச் செய்து முடித்த பிறகே கூட்டாளியாகக் கையெழுத்திட அதை அழைக்க வேண்டும். ஓடைகளின் குறுக்கே எத்தனை பாதைகள், எத்தனை வேலிகள், எத்தனை குழாய்கள், அவற்றின் அளவு என்ன என்று வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து நடந்து கணக்கெடுத்து, அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

ஊராட்சியே கையெழுத்துப் போட்டால் போதாதா, தனியாகச் சங்கம் எதற்கு என்று தங்கள் அலுவலகத்தில் கேட்கக் கூடும். 2025 ஜனவரி 5-ல் எங்கள் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் மாறுவார், அலுவலர் மாறுவார், தாங்களும் ஒரு நாள் மாறுதலாகிப் போவீர்கள். இவர்கள் மட்டும் கையெழுத்திட்ட தாள் கோப்புக்குள் போய்விடும். கரையின் கீழ் நிலம் வைத்திருப்பவரும், கண்மாயில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவரும் எங்கும் மாறிப் போகப் போவதில்லை. ஒப்பந்தம் தமிழில் இருந்து, கிராம சபையில் முழுவதும் வாசிக்கப்பட்டு, அங்கே ஒப்புதல் பெற்றால் யார் மாறினாலும் அதை எடுத்துக் காட்டிக் கேட்க ஊரில் ஆள் இருக்கும். மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த நாளே இதற்குப் பொருத்தம்.

இரண்டு வேலைகளை உடனே தொடங்கலாம். ஓடைக் கணக்கெடுப்பை வைகாசி, ஆனியில் முடித்து, அடைப்புகளைப் புரட்டாசி விதைப்புக்கு முன்பே திறக்க வைத்தால், ஒப்பந்தம் வரும்வரை காத்திராமல் வருகிற ஐப்பசி மழையே கண்மாய்க்குப் போய்ச் சேரும். அடுத்ததாக ஒரு கூட்டம். அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வைக்காமல் இங்கே கண்மாய்க் கரையில் வைக்க வேண்டும். நீர்வளத் துறை, ஒன்றியம், வருவாய்த் துறைப் பொறுப்பாளர்களும், நிறுவனங்களில் முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர்களும், ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் வர வேண்டும். மேல் கண்மாய் ஊரிலிருந்து கீழ்க் கண்மாய் ஊர் வரைக்கும் ஆட்களைக் கூட்டி வரும் பொறுப்பு எங்களுடையது. ஊர்ப் பங்குத்தொகையை வசூலித்து, ரசீது போட்டு, வங்கியில் கட்டிக் காட்டும் பொறுப்பையும் ஏற்கிறோம். தங்களுக்கு வசதியான தேதியைத் தெரிவித்தால் ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மானாவாரி விவசாயி ஒருவர்,
பாஞ்சாலங்குறிச்சி